பங்குரிமையும் அரணும்: எல்ட்ஸ் கோட்டையின் வரலாறும் கட்டட அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

செருமனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில், மோசெல் ஆற்றின் கிளையோடையான எல்ஸ்பாக்கின் கரையில் நிற்கும் எல்ட்ஸ் கோட்டை, 12-ஆம் நூற்றாண்டு முதல் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்து வருகிறது. எக்காலத்தும் இடிக்கப்படாத இடைக்காலக் கோட்டை என்ற புகழும் இதற்கு உண்டு. அழியாமைக்கு இக்கோட்டையின் வலிமையே காரணம் என்பது பரவலான கருத்து. கட்டடச் சான்றுகளையும் உடைமை வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்கின் அக்கருத்து எந்த அளவுக்கு நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எல்ட்ஸ், பங்குரிமைக் கோட்டை, மலையரண், கூட்டு மரபுரிமை, எல்ட்ஸ் பூசல், மரபுச்சின்னப் பாதுகாப்பு.

1. சிக்கல்

ரைன், மோசெல் ஆறுகளின் கரைகளில் இன்று காணும் கோட்டைகளுள் பெரும்பாலானவை இடிபாடுகள். அல்லது இடிபாடுகளின்மீது 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட புதுக் கட்டடங்கள். மோசெல் கரையிலுள்ள கோஹெம் கோட்டை 1689-இல் பிரெஞ்சுப் படையால் தகர்க்கப்பட்டது; 1868-இல் பெர்லின் வணிகர் ஒருவர் அதனை வாங்கிப் புதுக்கோதிக் பாணியில் எடுத்துக் கட்டினார். ரைன் கரையின் ஸ்டோல்சென்ஃபெல்ஸ் கோட்டையும் அதே போரில் அழிந்து, பிரஷ்ய இளவரசரால் 19-ஆம் நூற்றாண்டில் மறுபிறப்பு எய்தியது. இவற்றைக் காண்போர் காண்பது இடைக்காலத்தை அன்று. இடைக்காலத்தைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டு கண்ட கனவை.

எல்ட்ஸ் இவ்வரிசையில் சேராது. அதன் சுவர்கள் எழுந்த காலத்துச் சுவர்கள். ஐஃபெல் மலைநாட்டில் அழிவுக்கு உட்படாதவை என எண்ணப்படும் கோட்டைகள் மூன்றே: எல்ட்ஸ், பியூரெஸ்ஹைம், லிஸ்ஸிங்கன். நூறாண்டுப் போர்களுக்கிடையே இம்மூன்று மட்டும் தப்பியதற்கு அவற்றின் அரண்வலிமையே காரணம் என்றால், அவற்றைவிட உயரமான மதிலும் அகலமான அகழியும் கொண்டிருந்த கோட்டைகள் ஏன் வீழ்ந்தன என்ற வினாவுக்கு விடை கூறவேண்டும். எல்ட்ஸைப் பொறுத்தவரை அவ்விடையை மதிலில் தேடுவதினும் உடைமையாவணங்களில் தேடுவது பயன் தரும்.

2. இடமும் தோற்றமும்

ஐஃபெல் மலைத்தொடரின் தென்கிழக்கு விளிம்பில் மாய்ஃபெல்ட் எனப்படும் வளமான வேளாண் சமவெளி உள்ளது. அதன் விளைபொருள் மோசெல் ஆற்றுக்கு இறங்கிய வழிகளுள் ஒன்று எல்ஸ்பாக் பள்ளத்தாக்கு. அவ்வழியைக் கண்காணிக்கும் இடத்தில், ஏறத்தாழ 70 மீட்டர் உயரமுள்ள பாறை முனைமீது கோட்டை அமைந்துள்ளது. ஓடை மூன்று பக்கமும் வளைந்து சூழ்கிறது. சுற்றிலும் அடர்ந்த காடு. திருக்குறளின் அரண் அதிகாரம் பேசும் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கனுள் மூன்றினை இங்கு இயற்கையே அளித்துவிட்டது எனலாம். நான்காவதான வெட்டவெளி நிலம் மட்டும் இல்லை. இக்குறை பின்னர்ப் பெரும் விளைவுக்குக் காரணமாயிற்று: கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகள் கோட்டையினும் உயர்ந்தவை. மேலேயிருந்து எறியும் பகைவனுக்கு எல்ட்ஸ் ஒரு பள்ளத்திலிருக்கும் இலக்கே.

1157-இல் பேரரசர் முதலாம் பிரடெரிக் பார்பரோசா வழங்கிய கொடையாவணம் ஒன்றில், சாட்சியருள் ஒருவராக எல்ட்ஸின் ரூடோல்ஃப் என்பார் குறிக்கப்படுகிறார். குடும்பத்தின் பெயர் எழுத்தில் இடம்பெறும் முதற்சான்று இதுவே. கட்டடச் சான்றும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பிளாட்டெல்ட்ஸ் எனப்படும் தலைமைக் கோபுரம் ரோமானெஸ்க் பாணியிலானது, இன்றுள்ளவற்றுள் பழமையானது. அக்காலத்து வாழ்மனையின் சுவர்ப்பகுதிகள் பிற்காலக் கெம்பெனிஷ் இல்லத்தினுள் புதைந்து கிடக்கின்றன.

3. மூன்று உடன்பிறந்தார், மூன்று இல்லங்கள்

1268-க்கு முன்னர் எலியாஸ், வில்லெல்ம், தியோடரிக் என்னும் உடன்பிறந்தார் மூவர் கோட்டையையும் அதனைச் சார்ந்த நிலங்களையும் தம்முள் பங்கிட்டுக்கொண்டனர். எலியாஸின் கிளை பொன்னிறச் சிங்கத்தையும், வில்லெல்மின் கிளை வெள்ளிச் சிங்கத்தையும், தியோடரிக்கின் கிளை எருமைக் கொம்புகளையும் தத்தம் இலச்சினையாகக் கொண்டன. பின்னாளில் இக்கிளைகள் அடைந்த நிலவுரிமைகளின் பெயரால் முறையே கெம்பெனிஷ், ரூபெனாக், ரோடென்டார்ஃப் என அழைக்கப்படலாயின.

இவ்வாறு பல கிளையினர் கூட்டாக ஆளும் கோட்டையைச் செருமானியர் கானெர்பென்பர்க் என்பர். கூட்டு மரபுரிமையாளரின் கோட்டை என்பது அதன் பொருள். ஆங்கில ஆய்வுகள் இச்சொல்லைப் பெயர்க்க இயலாது அப்படியே எடுத்தாள்வதுண்டு. தமிழுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. பங்காளி, தாயாதி என்னும் இரு சொற்களும் உறவையும் உடைமையில் உள்ள பங்கையும் ஒரே மூச்சில் சுட்டுவன. உறவு உள்ளவரை பங்கு உண்டு. பங்கு உள்ளவரை பூசலும் உண்டு என்னும் பொருட்சாயலும் வழக்கில் அவற்றோடு ஒட்டியே வருகிறது. ஆகவே பங்குரிமைக் கோட்டை என்னும் தொடர் இங்கு ஆளப்படுகிறது.

பங்குரிமைக் கோட்டையின் நடைமுறை எளியதன்று. வாழிடம் தனித்தனி, வாயில், பாலம், முற்றம், சுற்றுமதில் ஆகியவை பொது. பொதுவானவற்றின் செலவை யார் ஏற்பது, காவலரை யார் அமர்த்துவது, ஒரு பங்காளி தன் பகைவனோடு போரிடும்போது மற்றவர் கடமை யாது என்பன போன்றவற்றைக் கோட்டை அமைதி உடன்படிக்கைகள் வரையறுத்தன. கோட்டை எல்லைக்குள் படைக்கலம் எடுப்பதும் பங்காளியைத் தாக்குவதும் இவ்வுடன்படிக்கைகளின்படி குற்றம். பங்கை விற்க நேர்ந்தால் பிற பங்காளிகளுக்கே முதலுரிமை தரப்படுவதும் இம்மரபில் பொதுவாகக் காணப்படும் விதி. பிறன் ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டால் கூட்டுரிமை முழுவதும் குலையும் என்ற அச்சம் அதன் அடிப்படை.

4. எல்ட்ஸ் பூசல், 1331–1336

கோட்டையின் அரண்வலிமை உண்மையில் சோதிக்கப்பட்டது ஒருமுறைதான். ட்ரியரின் பேராயரும் தேர்வுரிமைக் கோமானுமான பால்டுவின், பேரரசர் ஏழாம் ஹென்றியின் உடன்பிறந்தார். 1307 முதல் 1354 வரை பதவி வகித்தவர். சிதறிக் கிடந்த தம் ஆட்சிப்பகுதியை ஒன்றிணைக்க முனைந்த அவருக்கு, பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராகத் தம்மைக் கருதிய சிறு வீரக்குடிகள் தடையாயினர். எல்ட்ஸ், வால்டெக், ஷோனெக், எஹ்ரென்பர்க் ஆகிய குடிகள் அவருக்கு எதிராக ஒன்றுசேர்ந்தன.

பால்டுவின் எல்ட்ஸை நேரடியாகத் தாக்கி ஏற முயலவில்லை. கோட்டைக்கு மேலே, சில நூறு மீட்டர் தொலைவிலுள்ள குன்றில், ட்ருட்ஸெல்ட்ஸ் என்னும் முற்றுகைக் கோட்டையைக் கட்டினார். எல்ட்ஸுக்கு எதிர்நிற்பது என்பது பெயரின் பொருள். அங்கிருந்து கல்லெறி பொறிகள் கீழே இருந்த கோட்டையைத் தாக்கின. வெடிமருந்தால் அம்பு எய்யும் தொடக்ககாலக் குழாய்களின் அம்புகள் எல்ட்ஸில் கிடைத்துள்ளன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வெடிமருந்துக் கருவி பயன்பட்டமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன. இரண்டாம் இயலில் குறித்த இடக்குறை இங்கு வெளிப்படுகிறது. மலை, நீர், காடு மூன்றும் ஏறி வருபவனைத் தடுத்தன. மேலிருந்து எறிபவனை அவை தடுக்கவில்லை.

பூசலின் முடிவு பெரும்பாலும் சுருக்கியே சொல்லப்படுகிறது. கோட்டை கைப்பற்றப்படவில்லை என்பது உண்மை. ஆனால் முற்றுகைக்கு ஆற்றாது எல்ட்ஸ் குடியினர் தம் பேரரசு நேருரிமையைத் துறந்தனர் என்பதும் உண்மை. எல்ட்ஸின் யோஹானைப் பால்டுவின் மீண்டும் கோட்டைத்தலைவராக அமர்த்தினார். இம்முறை தனக்கு அடங்கியவராக. மதில் நின்றது, மதிலுக்குள் இருந்தவர்களின் நிலை மாறிற்று. நொச்சி மறவர் வென்றனர் என்றோ உழிஞையார் வென்றனர் என்றோ ஒருதலையாகக் கூற இயலாத முடிவு இது. கோட்டை இடிபடாமல் போனதற்குக் காரணம் பேராயருக்கு அதன் இடிபாடு தேவைப்படாமையே: பணிந்த குடியின் கையில் இருக்கும் கோட்டை, இடித்த கோட்டையினும் அவருக்குப் பயனுடையது.

ட்ருட்ஸெல்ட்ஸ் இன்று மரங்களிடையே கிடக்கும் இடிபாடு.

5. கட்டட அமைப்பு

பாறையின் மேற்பரப்பு நீள்வட்டமானது, குறுகியது. மூன்று கிளைகள் அதன்மேல் வாழவேண்டும். பக்கவாட்டில் விரிய இடமில்லாமையால் கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. சிறிய உள்முற்றத்தைச் சுற்றி, 30 மீட்டருக்கும் மேலாக உயரும் இல்லங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. கோபுரங்கள் எட்டு. பாறையின் வளைவைப் பின்பற்றிச் சுவர்கள் எழுந்ததால் செங்கோணம் கொண்ட அறையைக் காண்பது அரிது. தொலைவிலிருந்து நோக்குவோரைக் கவரும் சீரற்ற அழகு எவரும் திட்டமிட்டதன்று. பாறையின் வடிவும் பங்கின் அளவும் சேர்ந்து விளைவித்தது.

கீழ்ச்சுவர்கள் தடித்த கருங்கல் கட்டு. வெளிப்புறம் ஒப்பனை ஏதுமின்றி மொட்டையாக எழுகிறது. மேல்மாடங்களிலோ மரச்சட்டகச் சுவர்களும், துருத்து மாடங்களும், கூர்ங்கோபுரங்களும் நிறைகின்றன. கீழே அரண், மேலே வீடு. மரச்சட்டகம் கல்லினும் எடை குறைந்தது. குறுகிய அடித்தளத்தின்மீது மேலும் மேலும் மாடங்களை ஏற்ற அதுவே வழி. கூரை முழுதும் பலகைக்கல்லால் வேயப்பட்டுள்ளது.

இல்லங்கள் ஒரே காலத்தவை அல்ல. ரூபெனாக் இல்லம் 1472-இல் நிறைவெய்தியது. ரோடென்டார்ஃப் இல்லத்தின் பணி 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை நீண்டது. கெம்பெனிஷ் இல்லம் 1604-இல் தொடங்கி 1661-இல்தான் முடிந்தது. இடையே முப்பதாண்டுப் போர். ஆக, ரோமானெஸ்க் பாணி முதல் பரோக் பாணியின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்நூறாண்டுக் கட்டடக்கலை ஒரே முற்றத்தைச் சுற்றிக் காணக் கிடைக்கிறது. ஒரே தலைவனின் கோட்டையாக இருந்திருப்பின் புதிய தலைமுறை பழையதை இடித்துவிட்டுக் கட்டியிருக்கக்கூடும். இங்கு எவரும் தம் பங்கை மட்டுமே மாற்ற முடிந்தது. அடுத்தவர் சுவரில் கைவைக்க உரிமையில்லை. கட்டட வரலாற்றின் படிவுகள் இவ்வளவு தெளிவாகக் காக்கப்பட்டதற்குப் பங்குரிமையே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

உள்ளறைகளுள் இரண்டு தனித்த கவனத்துக்குரியவை. ஒன்று ரூபெனாக் இல்லத்தின் படுக்கையறை. 15-ஆம் நூற்றாண்டின் கொடியோவியங்கள் அதன் சுவர்களைப் போர்த்துள்ளன. அறையின் ஒரு புறம், சுவரிலிருந்து வெளியே துருத்திய சிறு மாடத்தில் வழிபாட்டிடம் அமைந்துள்ளது. இறைவனின் இல்லத்துக்கு மேல் மனிதர் வாழ்தல் ஆகாது என்பது அக்கால நம்பிக்கை. மாடத்தின்மேல் மாடமாக வீடு உயரும் இடத்தில் அந்நம்பிக்கையைக் காக்க வேறு வழி இல்லை: பீடத்தை வீட்டின் உடலுக்கு வெளியே தள்ளி, அதன் தலைக்குமேல் வானத்தை மட்டும் விட்டனர். வெளியிலிருந்து ஒப்பனையாகத் தோன்றும் ஒரு துருத்து மாடத்தின் உட்பொருள் இதுவாயின், பிற கூறுகளையும் அழகு என்று மட்டும் கடந்துசெல்லல் தகாது.

மற்றொன்று ரோடென்டார்ஃப் இல்லத்தின் வீரர் மண்டபம். மூன்று கிளையினரும் கூடிய பொதுவிடம் இது. மண்டபத்தின் ஒப்பனையில் கோமாளி முகங்கள் இடம்பெறுகின்றன; வாயிலின் மேல் ஒரு ரோசாமலர் செதுக்கப்பட்டுள்ளது. கோமாளி முகம் இங்கு எவரும் அஞ்சாது பேசலாம் என்பதற்கும், ரோசாமலர் இங்குப் பேசியது வெளியே செல்லலாகாது என்பதற்கும் குறிகள். பிற கோட்டைகளின் பேரவைக் கூடங்களில் தலைவனின் இருக்கை கண்ணில் படும். இங்கோ கூடத்தின் சிற்பமொழியே பேச்சுரிமையையும் அடக்கத்தையும் கேட்கிறது. ஒருவருக்கொருவர் தலைவரல்லாத, ஆனால் ஒருவரையொருவர் விட்டுப் பிரியவும் இயலாத பங்காளிகளுக்கு உடன்படிக்கை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, கண்முன்னும் இருக்கவேண்டும்.

எண்பதுக்கும் மேற்பட்ட அறைகளில் ஏறத்தாழ பாதி கணப்பு வசதி பெற்றவை. இடைக்காலக் கோட்டை என்றாலே குளிர்ந்த கல்லறை போன்றது என்ற எண்ணத்துக்கு இது மாறானது. ரோடென்டார்ஃப் இல்லத்தின் சமையற்கூடத்தைக் காண்போர், படைவீட்டை விட்டுக் குடும்பத்தை நினைப்பர்.

6. 1689-உம் அதன் பின்னரும்

பலாட்டினேட் மரபுரிமைப் போரில் பிரெஞ்சுப் படைகள் ரைன், மோசெல் கரைக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தன. பீரங்கியின் காலத்தில் எல்ட்ஸின் மதில்கள் பொருட்படுத்தத்தக்க தடையல்ல. அதனைக் காத்தது பிரெஞ்சுப் படையில் உயர்பதவியில் இருந்த ஹான்ஸ் அன்டன் என்னும் எல்ட்ஸ்-யூட்டிங்கன் கிளையினர். அழிக்கப்படவேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து கோட்டையின் பெயரை நீக்கச் செய்தார் அவர். பல கிளைகளாகப் பிரிந்து பரவிய குடியில், எதிரணியிலும் ஒரு பங்காளி இருந்தது பயனாயிற்று.

எனினும் பங்குரிமை கோட்டையைக் காக்கும் என்று பொதுவிதி வகுப்பது பிழை. பியூரெஸ்ஹைமும் லிஸ்ஸிங்கனும் பல உரிமையாளரிடையே பிரிந்திருந்தவையே என்பது அவ்விதிக்குத் துணைபோவது போலத் தோன்றும். ஆனால் பலாட்டினேட்டின் டிராகென்ஃபெல்ஸும் பங்குரிமைக் கோட்டைதான். பங்காளிகளுள் ஒருவரான ஃபிரான்ஸ் ஃபான் சிக்கிங்கனின் போரினால் 1523-இல் கோட்டை முழுவதும் அழிக்கப்பட்டது. ஒருவரின் செல்வாக்கு எல்லாரையும் காப்பது போலவே ஒருவரின் பகை எல்லாரையும் அழிக்கும். எல்ட்ஸ் பிழைத்ததற்குக் குடியினரின் செல்வாக்கு எத்திசையில் வளர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். எந்த ட்ரியர் பேராயம் அவர்களைப் பணியவைத்ததோ, அதே பேராயத்தின் தலைவராக 1567 முதல் 1581 வரை எல்ட்ஸின் யாக்கோப் இருந்தார். 1732 முதல் 1743 வரை மைன்ஸ் பேராயராகப் பிலிப் கார்ல் விளங்கினார். 1733-இல் குடும்பம் பேரரசின் கோமகன் நிலை எய்தியது. 1736-இல் இன்றைய குரோவேசியாவின் வுகோவார் பெருநிலம் அதன் கைக்கு வந்தது.

கிளைகள் மீண்டும் ஒன்றானது இயல்பாகவே நிகழ்ந்தது. 1786-இல் ரோடென்டார்ஃப் கிளை வாரிசின்றி முடிய, அதன் பங்கு கெம்பெனிஷ் கிளையைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ரைன்லாந்தைக் கைக்கொண்டபோது, ஹூகோ பிலிப் நாட்டைவிட்டு ஓடிவிட்டார் என்று கருதி அவர் உடைமைகளைப் பறித்தனர். அவர் மைன்ஸிலேயே இருந்தமை தெரியவந்தபின் 1797-இல் அவற்றை மீட்டார். 1815-இல் ரூபெனாக் இல்லத்தையும் அக்கிளையினரிடமிருந்து விலைக்கு வாங்கினார். ஐந்நூறாண்டுக்கும் மேற்பட்ட பங்குரிமை இவ்வாறு முடிவுற்றது.

7. தனியுடைமையும் பொதுநலனும்

ஹூகோ பிலிப்பின் வழிவந்த கார்ல், 1845 முதல் 1888 வரை 184,000 மார்க் செலவில் கோட்டையைப் பழுது நீக்கினார். கோதிக் கனவு உச்சத்திலிருந்த காலம் அது; பொருளும் விருப்பும் இருந்த எவரும் புதுக் கோபுரங்களை எழுப்ப முனைந்த காலம். கார்ல் இருந்ததை இருந்தவாறே செப்பனிட்டார். இன்றைய பாதுகாப்பு நெறிக்கு உவப்பான இந்த அடக்கத்துக்கு உரிய மதிப்பு இன்னும் அவருக்குத் தரப்படவில்லை. 1920-இல் ஏற்பட்ட தீவிபத்தில் தென்பகுதி பெருஞ்சேதமுற்று, அடுத்த பத்தாண்டில் சீரமைக்கப்பட்டது. 1965-இல் வெளியான 500 மார்க் பணத்தாளின் பின்பக்கத்தில் கோட்டையின் உருவம் இடம்பெற்றது. ஒரு குடும்பத்தின் வீடு நாட்டின் அடையாளமாக அச்சேறியது என்பது சிந்திக்கத்தக்கது.

2009 முதல் 2012 வரை நடந்த பெருஞ்சீரமைப்பு இச்சிந்தனையைக் கூர்மையாக்குகிறது. செலவு ஏறத்தாழ 44 இலட்சம் யூரோ. கூரைகள் புதிதாக வேயப்பட்டன. மரச்சட்டகங்களின் தாங்குவலிமை சரிசெய்யப்பட்டது. இச்செலவில் அரசு நிதியும் பங்கேற்றது. தனியார் வீட்டுக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி எழுவது முறையே. ஆனால் எதிர்க்கேள்வியும் உண்டு. எண்ணூறாண்டாக ஒரு குடும்பம் தன் சொந்தச் செலவில் காத்ததை, அக்குடும்பத்தால் இயலாதபோது கைவிடுவது பொதுநலனாகுமா? நடைமுறையில் ஏற்பட்ட தீர்வு பழைய பங்குரிமையை ஒத்திருக்கிறது. ரூபெனாக், ரோடென்டார்ஃப் இல்லங்களில் இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை பொதுமக்கள் சென்று காணலாம். கருவூலக் காட்சியறையில் 500-க்கும் மேற்பட்ட பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. கெம்பெனிஷ் இல்லம் குடும்பத்தின் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. வாயிலும் பாலமும் முற்றமும் இன்றும் பொதுவே, பங்காளிகள்தாம் வேறு.